கத்தியைத் தேடிப் பள்ளிக்குள் போனவர்கள்: ‘அடொலசென்ஸ்’ இரண்டாம் அத்தியாயம், ஒரு நிகழ்வு ஆய்வு

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், தன் பள்ளியில் படித்த பெண்ணை இரவு நேரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஏழு முறை குத்திக் கொன்றிருக்கிறான். குத்தியது சிசிடிவியில் விழுந்திருக்கிறது. பையன் பிடிபட்டுவிட்டான். மூன்றாம் நாள், இரண்டு துப்பறியும் அதிகாரிகள் அந்தப் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களிடம் இன்னும் இல்லாதவை இரண்டு: ஒன்று கத்தி, மற்றொன்று காரணம்.

2025 மார்ச் 13 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடொலசென்ஸ்’ தொடரின் இரண்டாவது அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது. ஜாக் தார்னும் ஸ்டீஃபன் கிரஹாமும் எழுதி, ஃபிலிப் பாரன்டினி இயக்கிய இந்தத் தொடர் மொத்தமே நான்கு அத்தியாயம்தான். நான்கும் வெட்டே இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை. முதலாவது காவல் நிலையத்தில் நடக்கிறது. மூன்றாவதில் பையனும் உளவியலாளரும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காவது வீடு. பள்ளிக்கூடம் முழுதாக வருவது இரண்டாவதில் மட்டும்தான். பலர் இதை மற்ற மூன்றையும்விடத் தளர்ந்தது என்று நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஆசிரியர்களும் காவல் துறையினரும் குற்றக்கதை எழுதுகிறவர்களும் இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏனென்றால் இது ஒரு விசாரணை தவறிப்போவதன் முழுப் பதிவு. அதிகாரிகள் சரியான இடத்துக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது. கேட்ட இடமும் கேட்ட விதமும் பொருந்தாததால், பள்ளி வாயை மூடிக்கொண்டது. கடைசியில் கிடைத்த துப்புகூட விசாரணையால் கிடைத்ததல்ல. அதிகாரியின் மகன் அதே பள்ளியில் படித்ததால் கிடைத்தது. அதைத்தான் இங்கே ஒரு வழக்குக் கோப்பைப் புரட்டுவதுபோல் புரட்டுகிறோம். கதையின் முடிச்சுகள் எல்லாம் இதில் அவிழும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

அன்று பள்ளியில் நடந்தது

வருகிறவர்கள் துப்பறியும் ஆய்வாளர் பாஸ்கோம்ப், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் மிஷா ஃபிராங்க். நடித்திருப்பவர்கள் ஆஷ்லி வால்டர்ஸும் ஃபே மார்சேயும். ஓர் ஆசிரியை அவர்களை வகுப்பு வகுப்பாக அழைத்துப் போகிறார். பாஸ்கோம்ப் வகுப்பின் முன்னால் நின்று, தெரிந்தவர்கள் யாராவது வந்து சொல்லுங்கள் என்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், ஆசிரியரின் பேச்சுக்கும் அடங்குவதில்லை. இறந்த பெண் கேட்டியின் உயிர்த்தோழி ஜேடைத் தனியே அழைத்துக் கேட்கிறார்கள். கேட்டிக்கும் அவளைக் கொன்ற பையன் ஜேமிக்கும் இடையே என்ன பழக்கம் என்ற பேச்சு வந்ததும் அந்தப் பெண் கொந்தளித்து எழுந்து போய்விடுகிறாள்.

இடையில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது. மொத்தப் பள்ளியும் வெளியே வந்து நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஜேட், ஜேமியின் நண்பன் ரையனைப் பாய்ந்து அடிக்கிறாள். அடிபட்ட ரையனிடம் பாஸ்கோம்ப் பேசிப் பார்க்கிறார். பையன் பிடி கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் பாஸ்கோம்பின் மகன் ஆடம் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் படிக்கிற விதமே தப்பு என்று சொல்லி, இன்ஸ்டாகிராமில் கேட்டி போட்ட எமோஜிக் குறிகளுக்கு அர்த்தம் சொல்கிறான். பாஸ்கோம்ப் மறுபடி ரையனைத் தேடி வகுப்புக்குப் போகிறார். ரையன் ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான். துரத்திப் பிடித்ததும், கத்தி தன்னுடையது என்கிறான். கொலைச் சதி என்று கைது. பாஸ்கோம்ப் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். கேமரா மேலே எழுந்து ஊரைக் கடந்து, கொலை நடந்த இடத்தில் பூ வைக்க வந்திருக்கும் ஜேமியின் அப்பாவின் முகத்தில் போய் நிற்கிறது.

சம்பவங்கள் இவ்வளவுதான். ஏறக்குறைய 50 நிமிடம்.

வெட்டாமல் எடுத்ததால் என்ன கிடைத்தது

ஒரே ஷாட் என்றதும் வித்தை காட்டுவது என்ற எண்ணம் வரும். இந்த அத்தியாயத்தில் அது வித்தை அல்ல, விசாரணையின் இயல்பையே காட்டும் வழி. வழக்கமான குற்றத்தொடரில் மூன்று பேரை விசாரித்தால், தேறாத பேச்சையெல்லாம் வெட்டி, தேறிய மூன்று வரிகளை ஒட்டிவிடுவார்கள். பார்க்கிறவருக்குப் போலீஸ் கேட்டால் பதில் வரும் என்ற பழக்கம் ஏறிவிடுகிறது. இங்கே வெட்டு இல்லை. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும் நேரம், கதவருகே காத்திருக்கும் நேரம், பதில் வராத நேரம் எல்லாம் நம் கண்முன் கழிகிறது. பள்ளிக்குள் போய் உண்மையாகவே விசாரித்தவர்களுக்குத் தெரியும், வேலை நாளின் பெரும்பகுதி வராந்தாவில்தான் போகும்.

எடுத்த இடம் மேற்கு யார்க்‌ஷயரில் சவுத் எல்ம்சால் ஊரில் உள்ள மின்ஸ்தார்ப் கம்யூனிட்டி காலேஜ் என்ற நிஜப் பள்ளி. துணை நடிகர்கள் மட்டும் முந்நூறுக்கும் மேல், பெரும்பாலும் பிள்ளைகள். ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ். கேமரா டி.ஜே.ஐ. ரோனின் 4டி. இந்தக் கேமராவைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. கிம்பலும் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி) கேமராவும் ஒரே உடலாக இருப்பதால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஓடும்போதே மாற்றலாம். நடக்கும்போது வரும் மேல்-கீழ் ஆட்டத்தை நான்காவது அச்சு வாங்கிக்கொள்கிறது. மங்கலான வராந்தாவிலிருந்து வெளி வெளிச்சத்துக்கு வரும்போது, உள்ளேயே இருக்கும் என்.டி. வடிகட்டியைத் தட்டி வெளிச்சத்தை அடக்கலாம்.

படப்பிடிப்பு முறை இது: ஒரு அத்தியாயத்துக்கு மூன்று வாரம். முதல் வாரம் நடிகர்களோடு ஒத்திகை. இரண்டாவது வாரம் கேமராவும் மற்ற தொழில்நுட்பக் குழுவும் சேர்ந்த ஒத்திகை. மூன்றாவது வாரம் படப்பிடிப்பு, நாளுக்கு இரண்டு டேக் என்ற கணக்கு. இந்த அத்தியாயத்தில் நாம் பார்ப்பது பதின்மூன்றாவது டேக்.

ரையன் குதிக்கும் ஜன்னலைக் கவனியுங்கள். கேமராவும் அவன் பின்னால் ஜன்னல் வழியே போகிறது. அந்தச் சட்டத்தில் கண்ணாடி கிடையாது. பின்னால் கணினியில் சேர்த்தது. உள்ளே இருக்கும் கேமராமேன் வெளியே நிற்பவரிடம் கேமராவைக் கொடுத்துவிடுகிறார். கைமாறும் நொடியில் பார்வை நடிகரின் ஓட்டத்தில் இருக்கும்படி அமைத்திருப்பதால் அது தெரிவதில்லை.

கடைசிக் காட்சி இதைவிடக் கடினம். ஓடிக்கொண்டிருக்கும் கேமராவை டிரோனில் மாட்டி, பறக்கவிட்டு, இறக்கி, கழற்றி, கையில் பிடித்து, ஸ்டீஃபன் கிரஹாமின் முகத்துக்குப் போக வேண்டும். 50 நிமிடம் எல்லோரும் பிசகாமல் நடித்து முடித்த பின் காற்று கொஞ்சம் கூடினாலும் அந்த டேக் போயிற்று. அதைத் தெரிந்துகொண்டே கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இந்த ஷாட்டைச் செய்து பார்க்க நினைப்பார்கள் என்பதால் இரண்டு விஷயம். லாஸ்பேட்டை விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் டிரோன் பறக்க, 2021 டிரோன் விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். நகரப் பகுதி முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அடுத்தது கடல்காற்று. பகல் ஏறியதும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். விடிந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும்படி மொத்த ஷாட்டையும் திட்டமிட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் பள்ளி மணியடிக்கும் நேரத்து வெயில் கிடைக்காது. கதை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையே மாற்ற வேண்டிவரும்.

எங்கே தவறியது

முதல் பிசகு வகுப்பறைக்குள் நுழைந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தெரிந்ததைச் சொல் என்று கேட்டால், சொல்ல நினைக்கும் பிள்ளைகூடச் சொல்லாது. சொன்னால் ‘போட்டுக்கொடுத்தவன்’ என்ற பெயரோடு அடுத்த ஆறு வருடம் அதே பள்ளியில் இருக்க வேண்டும். யார்க்‌ஷயரிலும் அப்படித்தான், பாகூரிலும் அப்படித்தான். சிரித்துக் கிண்டல் செய்த பிள்ளைகளைத் தறுதலைகள் என்று பார்க்கிறவர்கள் இந்தக் காட்சியைத் தவறாகப் படிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு, யாரும் வாய் திறக்காமல் இருக்க வகுப்பு தானாகப் போட்டுக்கொள்ளும் வேலி.

இரண்டாவது, ஜேடோடு நடந்த பேச்சு. உயிர்த்தோழி செத்து மூன்றாம் நாள். அவளிடம் இறந்தவளைப் பற்றி எதுவும் கேட்காமல், கொன்றவனோடு இறந்தவளுக்கு என்ன பழக்கம் என்று போகிறார்கள். அவள் காதில் அது எப்படி விழும்? கேட்டி ஏதோ செய்ததால்தான் இது நடந்தது என்று சொல்வதுபோல் விழும். பிள்ளை சாட்சியிடம் முதல் கேள்வி எப்போதும் திறந்த கேள்வியாக இருக்க வேண்டும்: ‘கேட்டியைப் பத்தி சொல்லும்மா.’ பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பெயர்கள் அவள் வாயிலிருந்துதான் முதலில் வர வேண்டும். சந்தேகப்படும் ஆளின் பெயரை நாமே முதலில் எடுத்து வைத்தால், அதன் பிறகு அவள் சொல்லும் எல்லாவற்றிலும் நம் சாயம் ஏறிவிடும். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட சாட்சிகளின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் முதல் சாட்சியமாகக் காட்ட 1999-ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒரு பேச்சும் அப்படிப் பதிவாவதில்லை. ஜேட் எழுந்து போனதோடு வழக்கு ஒரு முக்கியமான சாட்சியை இழக்கிறது.

மூன்றாவது, ரையனோடு பேசியது. கத்தி யாருடையது என்ற சந்தேகம் அவன் பக்கம் திரும்பிய நொடியிலிருந்து அவன் சாட்சி அல்ல, சந்தேக நபர். இங்கிலாந்தின் காவல் நடைமுறை விதிகளின்படி, சந்தேக நபரான சிறாரைப் பள்ளியில் வைத்து விசாரிப்பது விதிவிலக்கான சூழலில் மட்டும்தான்; தலைமையாசிரியரின் சம்மதம் வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், சிறாருக்குத் துணையாக ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஜேமிக்கு அவன் அப்பா அப்படி உட்கார்ந்ததைக் காட்டிய தொடர், இரண்டாவதில் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. அடிபட்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம், துணையில்லாமல், நட்பாகப் பேசித் துப்பு எடுக்கப் பார்க்கிறார் அதிகாரி. பையன் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

நான்காவது, அதிகாரியின் மகன் அந்தப் பள்ளியில் படிப்பது. இதைத் தொடர் உணர்வுபூர்வமாகப் பயன்படுத்துகிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் வழக்காகப் பார்த்தால் இது ஓட்டை. ஆடம் சொன்னதை எழுத்தில் எடுக்க வேண்டியவர் ஆடமின் அப்பா அல்ல. அன்றே வேறு அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்து, ஆடமின் அம்மா அல்லது வேறு பெரியவர் முன்னிலையில் அவனைக் கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிக்கும் முதல் நூல் இதுவாகத்தான் இருக்கும்.

ஆடம் சொன்ன குறிகள்

ஜேமியின் இன்ஸ்டாகிராமில் கேட்டி போட்டிருந்த கருத்துகளைப் போலீஸ் நட்பு என்று எடுத்துக்கொண்டது. பொம்மைக் குறிகள்தானே. ஆடம் சொன்ன பிறகுதான் தெரிகிறது, அது பரிகாசம். சிவப்பு மாத்திரை என்பது, பெண்கள் உலகத்தைப் பற்றிய ‘உண்மை’ தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்கும் இணைய ஆண்களின் அடையாளம். 1999-இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ படத்திலிருந்து எடுத்தது. டைனமைட் குறி, வெடிக்கும் அந்த மாத்திரை. 100 என்ற குறி, எண்பது விழுக்காடு பெண்கள் இருபது விழுக்காடு ஆண்களைத்தான் விரும்புவார்கள் என்று அந்த வட்டத்தில் சொல்லப்படும் கணக்கு. சேர்த்துப் படித்தால், உன்னை எவளும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள் என்று ஊரறியச் சொன்னதாகிறது. இதயக் குறிக்கும் நிறத்துக்கொரு பொருள்.

இந்தப் பட்டியலை அகராதியாக எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் போனைப் புரட்டக் கிளம்பும் ஆபத்து உண்டு. அது வேண்டாம். குறிகள் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். நம் பிள்ளைகள் ஒரு வடிவேலு ஸ்டிக்கரில் செய்யும் அவமானத்தை யார்க்‌ஷயர் போலீஸ் படிக்க முடியாது, அவர்களுடைய ஊதா இதயத்தை நாம் படிக்க முடியாததுபோல. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை: ஒரு குறி கிடைத்தால், அதைப் போட்ட வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம், ஒருவருக்கொருவர் தெரியாமல், பொருள் கேட்பது. மூவரும் ஒன்றையே சொன்னால் அதைத் துப்பாகக் கொள்ளலாம்.

பெரியவர்கள் கண்ணெதிரே இருந்தும் கண்டுகொள்ளாமல் விட்ட குறி நமக்குப் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை அடுத்து, தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றின் நிறத்தை ஒவ்வொரு பி.டி. சாரும் படிப்பார். இன்ஸ்டாகிராமின் பின்னூட்டத்தை அவர் படிக்க முடியாது, அவருக்கு அது திறக்கவே திறக்காது. தனிக் கணக்கு.

சாட்சியமாக்குவது தனி வேலை. பாஸ்கோம்புக்குக் கிடைத்தது பொருள் விளக்கம் மட்டும்தான். நம் ஊரில் அந்தப் பின்னூட்டம் நீதிமன்றம் ஏற வேண்டுமானால், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைக் கருவியை வைத்திருப்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்). நடைமுறையில் தவறுவது இதற்கு முன்னாலேயே. ஸ்டேஷனில் யாரோ ஒருவர் தன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அனுப்பும்போதே கோப்பு சுருங்கி, முதலில் இருந்த ஹாஷோடு பொருந்தாமல் போய்விடும். செய்ய வேண்டிய வரிசை: போனை ஃபிளைட் மோடில் போட்டு மகஜரில் எழுதிக் கைப்பற்றுவது, கணக்கின் பெயர், பதிவின் முகவரி, தேதி, நேரம் நான்கையும் குறிப்பது, திரையை நகர்த்தி நகர்த்தி வேறொரு கேமராவில் தொடர்ச்சியாகப் படமெடுப்பது, அன்றே நிறுவனத்துக்குத் தரவை அழிக்காமல் வைக்கும்படி கடிதம் அனுப்புவது. கடைசியைத் தள்ளிப்போட்டால், இறந்த பெண்ணின் வீட்டார் வேதனையில் கணக்கையே மூடிவிடக்கூடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதுவே கடலூர் சாலையில் நடந்திருந்தால்

கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் பள்ளி, அது புதுச்சேரி. முள்ளோடையைத் தாண்டி ரெட்டிச்சாவடியில் பையன் வீடு, அது கடலூர் மாவட்டம். தினமும் மாநில எல்லையைத் தாண்டிப் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சாலையில் ஏராளம். இப்படி ஒரு வழக்கை வைத்துப் பார்த்தால் தொடரின் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி ஓடும்.

புகார் எந்த நிலையத்துக்கு வந்தாலும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. பையனைக் கையாள வேண்டியவர் நிலையத்தின் குழந்தைகள் நல காவல் அலுவலர், மாவட்டத்தின் சிறப்பு சிறார் காவல் பிரிவோடு சேர்ந்து. லாக்கப் கூடாது, விலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதன் பிறகு கூர்நோக்கு இல்லம். நன்னடத்தை அலுவலர் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால், இந்த 15 நாள்தான் நடைமுறையில் நெருக்கடி: அறிக்கை கேட்கும் கடிதம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர வேண்டும்.

பையனின் வயது 13. நம் சட்டத்தில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவரைக் கொலை வழக்கிலும் பெரியவரைப்போல விசாரிக்க வழியில்லை. சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது; கொலை நிரூபணமானால் சிறார் என்றாலும் காலவரையறை இல்லாத காவல். தொடரில் ஜேமியின் வீடு அடையும் கதியை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து எழுதுகிற திரைக்கதைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

சாட்சிப் பிள்ளைகள் விஷயம் இன்னும் கண்டிப்பானது. 15 வயதுக்குக் கீழுள்ள பையனையும், எந்த வயதுப் பெண்ணையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விசாரணைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. எச்.எம். அறைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டதால் அது சரி என்று ஆகிவிடாது. சிறாரோடு பேசும் காவலர் கூடுமானவரை சீருடையில் இருக்கக் கூடாது என்பது இளைஞர் நீதி மாதிரி விதிகள் சொல்வது. புதுச்சேரிக் காவலரின் சிவப்புத் தொப்பியை அரைக் கிலோமீட்டரிலிருந்தே பிள்ளைகள் அடையாளம் காண்பார்கள். அந்தத் தொப்பி பள்ளி கேட்டைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம் பின் வரிசைப் பெஞ்சு வரை செய்தி போய்விடும். பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை.

ரையனின் வார்த்தைக்கு வருவோம். ‘கத்தி என்னுடையது’ என்று போலீஸிடம் சொன்னது நம் நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக ஏறாது. சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. அவன் சொல்லி, அதை வைத்துக் கத்தி கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுக்க வழி சொன்ன அந்த அளவு மட்டும் ஏறும். தொடரில் கத்தி கையில் கிடைக்காமலேயே பையன் கைதாகிறான். பாதி நிரம்பிய கோப்பு. அதிகாரியின் முகத்தில் அப்போது தெரியும் வெறுமையை ஆஷ்லி வால்டர்ஸ் அருமையாகக் கொண்டுவருகிறார்.

ஒரு விஷயத்தை நம் பத்திரிகைகளுக்கும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட சிறார், பாதிக்கப்பட்ட சிறார், சாட்சியான சிறார் மூவரின் பெயரும் படமும் பள்ளியின் பெயரும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். யூடியூப் சேனல் நடத்துகிறவருக்கும் இது பொருந்தும்.

கேட்கப்படாத கேள்வி

மிஷா ஃபிராங்க் இந்த அத்தியாயத்தில் ஒரு முறை மனம் கசந்து பேசுகிறார். நாம் முழுக்க ஜேமியின் மனதையே துரத்திக்கொண்டிருக்கிறோம், எல்லோருக்கும் அவனைத்தான் நினைவிருக்கும், அவளை யாருக்கும் நினைவிருக்காது என்ற பொருளில். சரியான வார்த்தை. அதைச் சொன்ன பிறகாவது அவர்கள் கேட்டியைப் பற்றி விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

மூன்றாவது அத்தியாயத்தில்தான் தெரிகிறது: கேட்டியின் மேலாடை இல்லாத படம் ஒன்று ஸ்னாப்சாட்டில் பள்ளிப் பையன்களிடையே சுற்றியிருக்கிறது. அவள் அவமானப்பட்டிருந்த அந்த வேளையில்தான் ஜேமி அவளை வெளியே அழைத்தான். மறுத்தாள். அதன் பிறகுதான் அந்தக் குறிகள். அதாவது இந்தப் பள்ளியில் நடந்த முதல் குற்றம் கத்தி அல்ல, அந்தப் படம். அது நடந்தபோது இறந்த பெண் உயிரோடு இருந்தாள், பாதிக்கப்பட்டவளாக. ஒரு நாள் முழுக்கப் பள்ளியில் சுற்றிய இரண்டு அதிகாரிகளின் காதில் இது விழவே இல்லை. ஜேடிடம் கேட்டியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் கேட்டிருந்தால் விழுந்திருக்கும் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

நம் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவரின் அப்படியான படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவிலும் போக்சோவிலும் வரும். பரப்பியதும் சிறுவன்தான் என்பதால் குற்றம் இல்லாமல் போவதில்லை. அவன் குழுமத்தின் முன் போவான். பள்ளிக்கு இதில் தப்ப வழி கிடையாது. போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. ‘பொண்ணு பேரு கெட்டுடும் சார், விட்டுடுவோம்’ என்று ஸ்டாஃப் ரூமில் எடுக்கும் முடிவு, நல்லெண்ணத்தில் எடுத்தாலும் குற்றம். தகவல் சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். 1098-க்கு அழைத்தால் குழந்தைகள் உதவி மையம் வழி நடத்தும்.

தொடரின் மேல் எங்களுக்கு உள்ள குறையும் இங்கேதான். கேட்டியின் பக்கம் கதை போகவில்லை என்று தன் பாத்திரத்தையே சொல்லவைத்துவிட்டு, தானும் போகாமல் விட்டுவிடுகிறது. டிரோன் எழும்போது ஒலிக்கும் பாடலில் பள்ளிப் பிள்ளைகளின் குழுவோடு, கேட்டியாக நடித்த பெண்ணின் குரலும் சேர்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் அது யார் குரல் என்று பார்க்கிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஆசிரியர்களோடு பார்க்கிறவர்களுக்கு

பிரிட்டனில் இந்தத் தொடரை உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். அது அந்த நாட்டுப் பள்ளிகளுக்கானது. இங்கே ஒருவரின் நெட்ஃபிளிக்ஸ் சந்தா அவர் வீட்டாருக்கானது மட்டும், பள்ளி அரங்கில் போட்டுக் காட்ட முடியாது. எனவே ஆசிரியர்கள் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து பேசுவதுதான் வழி. மாணவர்களுக்கு முன் ஆசிரியர்கள், அதன் பின் பெற்றோர். இந்த வரிசை மாற வேண்டாம். பேச இரண்டு பீரியட், தோராயமாக 90 நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்று இடங்களை மட்டும் எடுத்தால் போதும். வகுப்பில் பாஸ்கோம்ப் பேசும் இடம்: நம் பள்ளியில் ஒரு பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஒரு பெரியவரிடம் போய்ப் பேச எந்த அறை, எந்த நேரம், யார்? பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும். ஜேட் எழுந்து போகும் இடம்: அவளைப் பின்தொடர்ந்து போய் உட்கார வேண்டியது யார்? ஆடம் பேசும் இடம்: பிள்ளைகள் சொன்னதைத் திட்டாமல் கேட்கும் ஆசிரியர் நம்மிடம் எத்தனை பேர்? இந்த மூன்றாவது கேள்வியில் ஆசிரியர்கள் போன் தடையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேச்சைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தப் பின்னூட்டங்கள் வீட்டிலிருந்தும் போட்டிருக்கக்கூடியவைதான்.

பேச்சு முடியும் முன் மூன்றாவது அத்தியாயத்தையும் எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். இரண்டோடு நிறுத்தினால், கேட்டி அந்தக் குறிகளைப் போட்ட பெண்ணாக மட்டும் மனதில் தங்கிவிடுவாள். படம் பரவிய விவரம் மூன்றில்தான் வருகிறது.